வலி மாத்திரையும் இரைப்பை ரத்தக்கசிவும்: "சாப்பிட்ட பிறகு போடுங்க" என்று சொல்வது மட்டும் ஏன் போதாது?

மருந்துக்கவுண்டர் எழுதியது:

வலி மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது வாய் தானாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "சாப்பிட்ட பிறகு போடுங்க." டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், மெஃபனமிக் ஆசிட், பைராக்சிகாம், இண்டோமெத்தசின், கீட்டோரோலாக், ஆஸ்பிரின் என்று பெயர் எதுவானாலும் இதே ஒரு வரிதான். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒழுங்காகப் போட்டவருக்கும் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசிகிறது. வயிற்றைத் தொடாமல் இருக்கட்டும் என்று ஊசியாகப் போட்டுக்கொண்டவருக்கும், ஆசனவாய் வழியாக வைத்துக்கொண்டவருக்கும் வருகிறது.

அதனால் மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பேசிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். இது ஏன் நடக்கிறது? யாரிடம் மருந்தைக் கொடுப்பதற்கு முன் நின்று விசாரிக்க வேண்டும்? எந்தப் பாதுகாப்பு உண்மையிலேயே வேலை செய்கிறது? சொந்தக் கதைகள் வேண்டாம். மருந்து, அளவு, காரணம் என்று எழுதினால் பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

மருந்தியல்_ஆசிரியர் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

இரைப்பைக்குள் இருக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கும். அதே அமிலம் இரைப்பையின் சுவரைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் மேல் படிந்திருக்கும் மெல்லிய சளிப்படலம், அந்தப் படலத்துக்குள் சுரக்கும் பைகார்பனேட், அடியில் ஓடும் நல்ல ரத்த ஓட்டம், தேய்ந்த செல்லுக்குப் பதிலாக உடனுக்குடன் வந்து நிற்கும் புதுச் செல். இந்த நான்கையும் இயக்குவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதைத் தயாரிக்கும் நொதி காக்ஸ்-1. வீங்கிய மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினைப் பெரும்பாலும் தயாரிப்பது காக்ஸ்-2. பழைய வலி மாத்திரைகளுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூட்டில் அடைப்பதை இரைப்பையிலும் அடைத்துவிடும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் வேலை செய்வது இப்படித்தான் என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

இங்கே இரண்டு விதமான காயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாத்திரை சுவரில் நேராகப் பட்டு உண்டாக்கும் சிராய்ப்பு ஒன்று. சில மணி நேரத்தில் வரும், ஆழம் இருக்காது, பெரும்பாலும் தானே ஆறிவிடும். சாப்பாடு குறைப்பது இதை மட்டும்தான். இரண்டாவது, மருந்து ரத்தத்தில் கலந்து, ரத்தத்தின் வழியாகவே இரைப்பைச் சுவருக்கு வந்து காக்ஸ்-1ஐ முடக்குவது. ஆழமான புண், ரத்தக்குழாய் வரை அரிக்கும் புண், இதனால் வருவது. மருந்து எந்த வாசல் வழியாக உடம்புக்குள் நுழைந்தது என்பது இதற்குப் பொருட்டே இல்லை.

மூன்றாவது கேடு ரத்தத் தட்டணுக்களில். புண்ணில் ரத்தக்குழாய் திறந்துகொண்டால் முதலில் ஓடிவந்து அடைப்பவை தட்டணுக்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டுவதற்கும் காக்ஸ்-1 வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதி செய்துகொள்ள முடியாது. அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அது பயன்படாது. இதற்கு 75 மி.கி. ஆஸ்பிரினே போதும். மற்ற வலி மாத்திரைகள் ரத்தத்தில் இருக்கும்வரை மட்டும் தடுக்கும், மருந்து வெளியேறியதும் விட்டுவிடும். ஆக, ஒரே மருந்து புண்ணையும் தோண்டுகிறது, ரத்தம் அடைபடாமலும் பார்த்துக்கொள்கிறது.

வார்டு_செவிலியர் எழுதியது:

சார், அப்படியென்றால் குடலில் போய்க் கரையும்படி உறை போட்ட ஆஸ்பிரின்? "இது வயிற்றைப் பாதிக்காது" என்று சொல்லித்தானே பலருக்கு மாற்றித் தருகிறார்கள்?

மருந்தியல்_ஆசிரியர் எழுதியது:

நேரடிச் சிராய்ப்பைக் குறைக்கும், சிஸ்டர். எரிச்சல் குறைவதால் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ரத்தக்கசிவு ஆபத்து, உறை போட்ட ஆஸ்பிரினிலும் சாதா ஆஸ்பிரினிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அமிலத்தைச் சமன்செய்யும் பொருளைச் சேர்த்து வரும் ஆஸ்பிரினுக்கும் இதே பதில்.

மூட்டு_மருத்துவர் எழுதியது:

எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். இதில்தான் குழப்பம் அதிகம்.

"ஐபுபுரோஃபென் பாதுகாப்பானது" என்ற பேச்சு பாதிதான் சரி. ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., நாளுக்கு 1200 மி.கி.க்குள், சில நாள் மட்டும் என்றால் பழைய மருந்துகளில் அதற்கு ஆபத்து குறைவு. அதே ஐபுபுரோஃபெனை மூட்டு வீக்கத்துக்கு நாளுக்கு 2400 மி.கி. என்று ஏற்றினால் அந்த நற்பெயர் போய்விடும். 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, அதிக அளவுகளை எடுத்துக்கொண்டு, எதுவும் போடாதவர்களோடு ஒப்பிட்டது. மேல் குடல்வழியில் ரத்தக்கசிவு, துளை போன்ற பெரிய சிக்கல்கள், ஐபுபுரோஃபென் 2400 மி.கி.யில் சுமார் 4 மடங்கு, நாப்ராக்சென் 1000 மி.கி.யில் 4 மடங்குக்குக் கொஞ்சம் மேல், டைக்ளோஃபெனாக் 150 மி.கி.யிலும் காக்ஸ்-2ஐக் குறிவைக்கும் (செலிகாக்சிப் போன்ற) காக்ஸிப் வகையிலும் 2 மடங்குக்குக் கொஞ்சம் கீழ்.

கீட்டோரோலாக் தனி ரகம். அறுவைக்குப் பிந்தைய கடும் வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ரத்தக்கசிவில் மேல்வரிசையில் நிற்பது அதுதான். ஊசியும் மாத்திரையும் சேர்த்து மொத்தம் 5 நாளுக்கு மேல் போகக் கூடாது. மாத்திரை நாளுக்கு 40 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பல்வலிக்கு எழுதிய 10 மி.கி. சீட்டைக் காட்டி இரண்டு வாரத்துக்கு வாங்குவது உண்மையிலேயே ஆபத்தானது. பைராக்சிகாமைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. அதன் பாதி அளவு உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 50 மணி நேரம் ஆகும். ஐபுபுரோஃபெனுக்கு 2 மணி நேரம். கறுப்பாகப் போகிறதே என்று இன்றைக்கு நிறுத்தினாலும் பைராக்சிகாம் பல நாள் உள்ளே நின்று வேலை செய்துகொண்டிருக்கும்.

இன்னொன்று. "பல மாதம் போட்டால்தானே புண் வரும்" என்று நினைக்க வேண்டாம். ஆபத்து முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மருந்துக்கவுண்டர் எழுதியது:

நன்றி டாக்டர். யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பதற்குக் கவுண்டரில் கேட்கக்கூடிய கேள்விகளாகவே எழுதிவிடுகிறேன். இதில் எதையும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

வயது 65-க்கு மேலா? முன்பு எப்போதாவது வயிற்றுப்புண், ரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்ததா? எல்லாவற்றையும்விட கனமான கேள்வி இதுதான். ஒருமுறை ரத்தம் கசிந்த இரைப்பை மறுபடியும் கசிய எப்போதும் தயாராக இருக்கும். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ "ரத்தம் உறையாமல் இருக்க" ஏதாவது போடுகிறாரா? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். இருபது வருடமாகத் தினமும் போடும் சின்ன ஆஸ்பிரினை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. மூச்சிரைப்புக்கோ தோலுக்கோ பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு போகிறதா? ஸ்டீராய்டு தனியாகச் செய்யும் கெடுதல் குறைவு, வலி மாத்திரையோடு சேர்ந்தால் பல மடங்கு ஏறும். மனச்சோர்வுக்கு செர்ட்ராலின், ஃபுளுவாக்செடின், எசிட்டலோபிராம் போன்றவை போகின்றனவா? தட்டணுக்கள் ரத்தத்திலிருந்து செரோடோனினை எடுத்துச் சேமித்துவைத்துத்தான் ரத்தத்தை அடைக்கின்றன. இந்த மருந்துகள் அந்தச் சேமிப்பைக் காலி செய்துவிடும். மது உண்டா?

அடுத்து, அட்டையைத் திருப்பிப் பார்ப்பது. முன்புறம் பெரிதாக ஒரு வணிகப் பெயர் இருக்கும். பின்புறம் பொடி எழுத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும்" என்று தொடங்கும் வரிதான் முக்கியம். முதுகுவலி மாத்திரையில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் இருக்கும். சளிக் காய்ச்சல் மாத்திரையில் ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும். மாதவிடாய் வலி மாத்திரையில் மெஃபனமிக் ஆசிட். மூன்று பெயர், மூன்று நிறம், மூன்று வேறு டாக்டர் சீட்டு. ஆனால் இரைப்பைக்குப் போவது மூன்று பங்கு ஒரே கெடுதல். இரண்டு வலி மாத்திரை சேர்ந்தால் வலி இரண்டு மடங்கு குறையாது. புண்தான் பெருகும். பாராசிட்டமாலும் இரட்டிப்பாகி ஈரலைத் தொடும் அளவுக்குப் போகும்.

இரைப்பை_மருத்துவர் எழுதியது:

நல்ல பட்டியல். பாதுகாப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். சரியான மருந்தை எழுதிக் கொடுத்தும் பலன் இல்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

ஒமெப்ரசோல் 20, பேன்டோப்ரசோல் 40, எசோமெப்ரசோல் 20, லான்சோப்ரசோல் 15 அல்லது 30, ரபெப்ரசோல் 20 மி.கி., நாளுக்கு ஒருமுறை. மக்கள் "கேஸ் மாத்திரை" என்று சொல்லும் பிபிஐ வகை இவைதான். வலி மாத்திரையால் வரும் இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண் இரண்டையும் குறைப்பவை. ஆனால் இவற்றை எப்போது போடுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. அமிலம் சுரக்கும் செல்லில் உள்ள பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே பிபிஐ அதைப் போய்ப் பூட்டும். பம்ப் வேகமாக ஓடுவது சாப்பிடும்போது. ஆகவே மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வரும் நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் விழுங்கிவிட வேண்டும். நடப்பது என்ன? வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் ஒரே கையில், சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரே வாயில். பாதிப் பலன் அங்கேயே போய்விட்டது. முழுப் பலன் சேர மூன்று நாளாவது ஆகும். வலி மாத்திரை தொடங்கி ஒரு வாரம் கழித்து, எரிச்சல் வந்த பிறகு பிபிஐ தொடங்குவது தாமதம். கேப்சூலைப் பிரித்தாலும் உள்ளே இருக்கும் மணிகளைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, அமிலத்தில் அழிந்துவிடும்.

குளோபிடோக்ரெல் போடுகிறவருக்கு ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் வேண்டாம். குளோபிடோக்ரெலைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் ஈரல் நொதியை இவை தடுக்கும். பேன்டோப்ரசோல் கொடுங்கள்.

அமிலத்தைச் சமன்செய்யும் சிரப், சுக்ரல்ஃபேட் இரண்டும் இந்தப் புண்ணைத் தடுக்காது. எரிச்சலை மறைக்கும், அவ்வளவுதான். ஃபேமோடிடின் வழக்கமான அளவில் முன்சிறுகுடலைக் காக்கும், இரைப்பையைக் காக்காது. 40 மி.கி. இரு வேளை என்ற அளவில்தான் இரைப்பையிலும் கொஞ்சம் பலன். மிசோப்ரோஸ்டால் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அது இழந்த புரோஸ்டாகிளாண்டினையே திரும்பக் கொடுக்கிறது. 200 மைக்ரோகிராம் நாளுக்கு நான்கு வேளை போட வேண்டும், வயிற்றுப்போக்கால் பலர் நிறுத்திவிடுவார்கள். கருவுற்றவர்களுக்கும், கருவுறும் வாய்ப்புள்ளவர்களுக்கும் கொடுக்கவே கூடாது, கருவைக் கலைத்துவிடும்.

மூட்டு_மருத்துவர் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து, டாக்டர். இதைப் படித்தவுடன் எல்லா வலி மாத்திரைக்கும் ஒரு பிபிஐ எழுதும் பழக்கம் வரும். கணுக்கால் பிசகிய 25 வயதுக்காரர் 3 நாள் ஐபுபுரோஃபென் போடுவதற்கு அது தேவையில்லை. பிபிஐக்கும் விலை உண்டு. ஆண்டுக்கணக்கில் போனால் பி12 குறையும், மக்னீசியம் குறையும், குடல் தொற்று ஏறும். வலி மாத்திரை நின்ற பிறகும் பிபிஐ மட்டும் சீட்டில் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது.

இரைப்பை_மருத்துவர் எழுதியது:

முழுக்கச் சம்மதம். எந்த ஆபத்துக் காரணமும் இல்லாத இளைஞருக்குக் குறைந்த அளவு, குறைந்த நாள் என்பதே பாதுகாப்பு. மருந்துக்கவுண்டர் போட்ட பட்டியலில் ஒன்று இருந்தால் பிபிஐ. பழைய ரத்தக்கசிவு, அல்லது ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து என்றால், வலி மாத்திரையே வேண்டாம் என்பதுதான் முதல் பதில். வலி மாத்திரை நிற்கும் நாளில் பிபிஐயும் நிற்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது. தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. தேவைப்படும் முதியவருக்குக் கொடுப்பதில்லை, தேவையில்லாத இளைஞருக்கு நிறுத்துவதில்லை.

வார்டு_செவிலியர் எழுதியது:

செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போட்டால் பிபிஐ வேண்டாம்தானே? காக்ஸ்-1ஐத் தொடாத மருந்து என்கிறார்களே.

மூட்டு_மருத்துவர் எழுதியது:

ஆபத்து குறையும், சிஸ்டர். இல்லாமல் போகாது. 2002-ல் ஹாங்காங்கில் ஓர் ஆய்வு. புண்ணில் ரத்தம் கசிந்து ஆறியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு செலிகாக்சிப், மறுபாதிக்கு டைக்ளோஃபெனாக்கும் ஒமெப்ரசோலும். ஆறு மாதத்தில் மறுபடி கசிந்தது 4.9%, 6.4%. இரண்டும் ஏறக்குறைய சமம், இரண்டும் குறைவு என்று சொல்ல முடியாத அளவு. அதே குழு 2007-ல் செலிகாக்சிப்போடு எசோமெப்ரசோலும் சேர்த்தது. ஓராண்டில் செலிகாக்சிப் மட்டும் போட்டவர்களில் 8.9% பேருக்கு மறுபடி ரத்தக்கசிவு, இரண்டும் சேர்த்துப் போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. அதிக ஆபத்துள்ளவருக்கு வேறு வழியே இல்லையென்றால் இந்த ஜோடிதான்.

இரண்டு எச்சரிக்கை. தினமும் ஆஸ்பிரின் போடுகிறவருக்கு செலிகாக்சிப்பின் இரைப்பைச் சாதகம் பெருமளவு கரைந்துவிடும், ஆஸ்பிரின்தான் காக்ஸ்-1ஐ முடக்கிவிட்டதே. இன்னொன்று இதயம். ரோஃபெகாக்சிப் 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது மாரடைப்பு ஆபத்தால்தான். மாரடைப்பு வந்தவருக்கு இந்த வகையும் டைக்ளோஃபெனாக்கும் நல்ல தேர்வு இல்லை.

ஐபுபுரோஃபெனுக்கும் ஆஸ்பிரினுக்கும் வேறொரு சண்டை உண்டு. ஐபுபுரோஃபென் முதலில் போனால் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும், இதயப் பாதுகாப்பு போய்விடும். சாதா ஆஸ்பிரின் போட்டு 30 நிமிடமாவது கழித்து ஐபுபுரோஃபென், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்னால். இது எப்போதாவது ஒரு வேளை போடுகிறவருக்கான வழி, தினமும் இரண்டையும் சேர்த்துப் போடுவதற்கான அனுமதி இல்லை.

அவசரப்பிரிவு எழுதியது:

தடுப்பு பற்றி நிறைய வந்துவிட்டது. வந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் எழுத வேண்டும். இதில் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் எனக்குப் பெரிய கவலை.

வலியை எதிர்பார்க்காதீர்கள். வலி மாத்திரை மூட்டு வலியை மட்டும் அமுக்குவதில்லை, புண்ணின் வலியையும் அமுக்கிவிடும். முதியவர்களில் பலருக்கு முதல் அறிகுறியே ரத்தக்கசிவுதான்.

மலத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் வெறும் கறுப்பு இல்லை. தார் ஊற்றியதுபோல மினுங்கும், பசைபோல ஒட்டும், ஒரு தண்ணீருக்குப் போகாது, வேறெதிலும் வராத ஒரு தனி வீச்சம் அடிக்கும். இரைப்பையில் 50 முதல் 100 மி.லி. ரத்தம் கசிந்தாலே இப்படி வரும். இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத்தும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அந்த மினுக்கமும் பசையும் வீச்சமும் இருக்காது. வாந்தியில் சிவப்பாகவே வரலாம். ரத்தம் அமிலத்தில் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் வடிகட்டிய காப்பித்தூள் மண்டிபோலப் பழுப்பாக வரும். அதைப் பார்த்து "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் இல்லாமலும் வரும். எழுந்தால் தலைசுற்றல், கண் இருட்டுதல், காரணமில்லாத வியர்வை, படி ஏறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து போடுகிறவருக்கு நாடித்துடிப்பு ஏறாது, நாடி 70 என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். அல்சர் சிரப்பைக் கொடுத்தால் இரைப்பைச் சுவரில் வெள்ளையாகப் பூசிக்கொண்டு, குழாய்க் கேமராவால் உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் புண் தெரியாது. வாந்தி எடுத்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலைசுற்றினால் கால்களை உயர்த்தி வைக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள், அவரே வண்டி ஓட்ட விடாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பது சிகிச்சையையே மாற்றும்.

மருத்துவமனையில் பெரிய துளையுள்ள இரண்டு ஊசிக் குழாய், ரத்த வகை, குறுக்குப் பொருத்தம், ஹீமோகுளோபின், யூரியா, கிரியாட்டினின், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்). முதல் ஹீமோகுளோபின் 12 என்று வந்தால் ஏமாறக் கூடாது. இப்போதுதான் ரத்தம் போயிருக்கிறது, மிச்சமுள்ள ரத்தம் இன்னும் நீர்த்துப்போகவில்லை. உண்மை எண் தெரிய ஒரு நாள்கூட ஆகும். கிரியாட்டினின் சரியாக இருந்து யூரியா மட்டும் ஏறியிருந்தால் அது நல்ல துப்பு, குடலுக்குள் போன ரத்தம் செரித்து யூரியாவாகிறது. ரத்தக்கசிவின் ஆபத்தை அளக்கும் கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு மதிப்பெண் 0 அல்லது 1 என்றால் வீட்டுக்கு அனுப்பி வெளிநோயாளியாகப் பார்க்கலாம். இதய நோய் இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால்தான் ரத்தம் ஏற்ற வேண்டும், இதய நோய் உள்ளவருக்கு 8. நாடியும் அழுத்தமும் நிலையாக உள்ளவருக்கு இதைவிடத் தாராளமாக ஏற்றுவது நன்மை செய்யவில்லை என்று 2013-லேயே தெரிந்துவிட்டது. அழுத்தம் சரிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

வார்டு_செவிலியர் எழுதியது:

டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி போடுகிறார்களே டாக்டர்? உடனே நிற்கட்டும் என்று.

அவசரப்பிரிவு எழுதியது:

விபத்து ரத்தப்போக்கில் அது உயிரைக் காக்கும். இதில் இல்லை. 2020-ல் வெளியான ஹால்ட்-ஐடி ஆய்வில் 12,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தார்கள், இறப்பு குறையவில்லை. சிரை ரத்தக்கட்டு கூடியது.

இரைப்பை_மருத்துவர் எழுதியது:

எண்டோஸ்கோப்பி 24 மணி நேரத்துக்குள். முதலில் நாடி, அழுத்தம் சரியாக வேண்டும். வந்த உடனே 6 மணி நேரத்துக்குள் செய்வதால் கூடுதல் பலன் இல்லை என்று 2020-ல் காட்டிவிட்டார்கள். அதற்கு 30 முதல் 120 நிமிடம் முன் எரித்ரோமைசின் 250 மி.கி. சிரை வழியாகக் கொடுத்தால் இரைப்பை சுருங்கி, தேங்கிய ரத்தத்தைக் கீழே தள்ளிவிடும், புண் தெளிவாகத் தெரியும்.

புண்ணின் அடித்தளம் எப்படி இருக்கிறது என்பதே அடுத்த மூன்று நாளைத் தீர்மானிக்கும். பீறிட்டு அடிக்கிறதா, கசிகிறதா, ரத்தக்குழாயின் முனை சின்ன முளைபோல நீட்டிக்கொண்டிருக்கிறதா? மூன்றுக்கும் உடனே சிகிச்சை உண்டு. 10,000-க்கு ஒரு பங்கு அட்ரினலினைச் சுற்றிலும் போடலாம், ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு வெளியே வரக் கூடாது. அது சில மணி நேரம் சுருக்கி வைக்கும், அவ்வளவுதான். கிளிப் அல்லது சூடு, ஏதாவது ஒன்று கட்டாயம். பிறகு பிபிஐ 80 மி.கி. ஒரே தடவை, தொடர்ந்து மணிக்கு 8 மி.கி. வீதம் 72 மணி நேரம். மறுபடி கசிவது பெரும்பாலும் அந்த மூன்று நாளில்தான். அடித்தளம் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம், அன்றே சாப்பாடு கொடுத்து, பிபிஐ மாத்திரையோடு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம்.

இரைப்பைப் புண் என்றால் 8 வாரம் பிபிஐ கொடுத்து மறுபடி எண்டோஸ்கோப்பி. வலி மாத்திரைப் புண் என்று நினைத்தது புற்றுநோயாக இருந்துவிடக் கூடாது. முன்சிறுகுடல் புண்ணுக்கு அந்தக் கவலை பொதுவாக இல்லை.

மருந்துக்கவுண்டர் எழுதியது:

இரண்டு கேள்வி. இதயத்துக்காகப் போட்ட ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது சரியா? இரைப்பையில் தங்கிப் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமியைப் பற்றி யாரும் பேசவில்லையே?

இரைப்பை_மருத்துவர் எழுதியது:

முதல் கேள்விதான் இந்த இழையிலேயே உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவருக்கு, அல்லது ஸ்டென்ட் வைத்தவருக்கு, ஆஸ்பிரினை விட்டுவிடக் கூடாது. 2010-ல் வந்த ஓர் ஆய்வு 156 பேரைப் பார்த்தது. எண்டோஸ்கோப்பி முடிந்து உடனே ஆஸ்பிரினைத் தொடர்ந்தவர்களில் 30 நாளுக்குள் மறுபடி ரத்தம் கசிந்தது 10.3%, நிறுத்தியவர்களில் 5.4%. இதோடு படிப்பதை நிறுத்தினால் நிறுத்துவதே சரி என்று தோன்றும். ஆனால் 8 வாரத்துக்குள் இறந்தவர்கள், தொடர்ந்தவர்களில் 1.3%, நிறுத்தியவர்களில் 12.9%. ரத்தம் அடங்கியதும், ஒன்று முதல் மூன்று நாளுக்குள், பிபிஐயோடு திரும்பத் தொடங்க வேண்டும். எந்த இதய நோயும் இல்லாமல் "வராமல் இருக்கட்டும்" என்று போட்டுக்கொண்டிருந்தவர் மட்டும் நிரந்தரமாக விட்டுவிடலாம். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தும் போடுகிறார் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒன்றையும் தொடக் கூடாது.

எச். பைலோரி: புண்ணில் ரத்தம் கசிந்த எல்லோருக்கும் பார்க்க வேண்டும். கசியும் நேரத்தில் எடுத்த சோதனையில் இல்லை என்று வந்தால் நம்ப முடியாது, பிபிஐ போடும்போதும் தப்பாக இல்லை என்று காட்டும். பிபிஐயை 2 வாரமும் ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தி மறுபடி மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்ய வேண்டும். பிபிஐயை நிறுத்த முடியாதவருக்கு எப்போது சோதிப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிருமியை ஒழிப்பதால் யாருக்கு எவ்வளவு பலன் என்பதை 2001-ல் ஓர் ஆய்வு அழகாகப் பிரித்துக் காட்டியது. சின்ன அளவு ஆஸ்பிரின் போட்டவர்களில் கிருமியை ஒழித்தால் ஆறு மாதத்தில் மறுபடி கசிந்தது 1.9%, ஒமெப்ரசோல் போட்டவர்களில் 0.9%. ஏறக்குறைய ஒன்றுதான். நாப்ராக்சென் போட்டவர்களில் 18.8%, 4.4%. வலி மாத்திரை தொடர்கிறவரிடம் "கிருமியை ஒழித்துவிட்டோம், இனி கேஸ் மாத்திரை வேண்டாம்" என்று சொல்வது அவரை மறுபடி அதே கட்டிலுக்கு அனுப்புவதுதான்.

மூட்டு_மருத்துவர் எழுதியது:

வலி மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, வலியோடு இருப்பவருக்கு வேறு வழியும் சொல்ல வேண்டும்.

முழங்கால், கை விரல் மூட்டுத் தேய்வுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல தேர்வு. 1% ஜெல்லை முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு 4 வேளை. ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சுமார் 6% மட்டுமே. ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கும் முதுகுக்கும் இது எட்டாது. பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி. ஒரு வேளைக்கு, நாளுக்கு 4 கிராமுக்கு மேல் போகவே கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவானவர், மெலிந்த முதியவர், ஈரல் நோய் அல்லது குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் 2 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வார்ஃபரின் போடுகிறவர் தினமும் 2 கிராமுக்கு மேல் சில நாள் போட்டால் ஐஎன்ஆர் ஏறும், சோதிக்க வேண்டும். டிராமடால் என்ற வலுவான வலி மருந்தை எழுதுமுன் மனச்சோர்வு மருந்து இருக்கிறதா, வலிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம். பிபிஐ காப்பது இரைப்பையையும் முன்சிறுகுடலையும் மட்டும். அதற்குக் கீழே உள்ள சிறுகுடலிலும் வலி மாத்திரை புண் போடும், அங்கே அமிலமே காரணம் இல்லை என்பதால் பிபிஐ உதவாது. வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் செய்த இரண்டு எண்டோஸ்கோப்பியும் சரியாக இருந்து இரும்புச்சத்து மட்டும் குறைந்துகொண்டே போகிறவரிடம், வலி மாத்திரையைக் கேட்டுப் பாருங்கள்.

மருந்துக்கவுண்டர் எழுதியது:

டாக்டர், திடீரென்று கால் பெருவிரலில் கவுட் (யூரிக் ஆசிட் படிந்து வரும் மூட்டு வீக்கம்) வந்து துடிக்கிறவருக்கு? ஜெல் கேட்காது, பாராசிட்டமாலும் போதாது. போன வருடம்தான் புண்ணில் ரத்தம் கசிந்து ஆறியிருக்கிறது.

மூட்டு_மருத்துவர் எழுதியது:

அவருக்கு இண்டோமெத்தசினும் வேண்டாம், எட்டோரிகாக்சிப் 120-ம் வேண்டாம். கோல்ச்சிசின் குறைந்த அளவில்: முதலில் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி., அன்றைக்கு அவ்வளவுதான். வலி தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். பழைய முறையில் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கு ஒன்றாகக் கொடுப்பது தேவையில்லாத வதை. சிறுநீரகம் கெட்டிருந்தால் இதையும் குறைக்க வேண்டும் அல்லது தவிர்க்க வேண்டும். அது முடியாது என்றால், மூட்டில் தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மூட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டீராய்டு ஊசி. அல்லது பிரட்னிசலோன் 30 மி.கி. ஐந்து நாள், பிபிஐயோடு, வேறு எந்த வலி மாத்திரையும் கூடவே போகாமல்.

கோல்ச்சிசினைக் கையில் கொடுக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எச். பைலோரிக்கு இப்போது மருந்து போகிறதா? அந்தக் கோர்ஸில் கிளாரித்ரோமைசின் இருந்தால் கோல்ச்சிசின் உடம்பிலிருந்து வெளியேறாமல் தேங்கி, உயிரைப் பறிக்கும் அளவுக்கு நஞ்சாகும். அப்படிப்பட்டவருக்கு மூட்டு ஊசியே நல்லது.